இடது கதவின் கறை

திருவேங்கட நாயுடுவின் பழைய மெட்டடோர் வேன் அந்த வருடம் மூன்றாவது முறையாக என் அத்தாவின் குஷன் கடைக்கு வந்தது. இறந்துபோன அவருடைய மகள் பள்ளிக்குப் போகும்போது இடது கதவில் தலைசாய்த்துத் தூங்குவாளாம். அந்தத் தலையெண்ணெய்க் கறை கண்ணில் படக்கூடாது என்றுதான் முதலில் கதவின் உள்பலகையை மாற்றச் சொன்னார். மாற்றினோம். புதுப் பலகையிலும் கறை வந்தது, இரண்டு விரல் மேலே. அதையும் மாற்றினோம். மறுபடி இரண்டு விரல் மேலே.

“ரெக்சின் மட்டமுங்க பாய். இதைப் பாத்துட்டு என்னால வண்டியே ஓட்ட முடியலீங்க,” என்றார் நாயுடு.

“ரெக்சின் தானா எண்ணெய் தேச்சுக்குமாங்க?” என்றார் அத்தா. நாயுடு சிரிக்கவில்லை.

நான் மூன்றாவது புதுப் பலகையை மாட்டி, கிளிப்புகளைத் தட்டி முடித்தேன். இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கூட வந்திருந்த நாயுடுவின் மனைவி கஸ்தூரி, கழற்றிப்போட்ட பலகையில் கறைக்கு மேலே விரல்களை வைத்து அளந்தார்.

“கண்ணு, இன்னும் மூணு விரல்தான் இருக்குது. அதுக்கு மேல கண்ணாடி. வண்டி குலுங்குனா தலை இடிக்கும்.”

அவர் கதவை ஒட்டிய சீட்டைக் காட்டினார்.

“சீட்டைக் கொஞ்சம் எறக்கிப்போடு அம்மணி. வளர்ற புள்ளை பாரு. அவருக்குச் சொல்ல வேண்டாம்.”

நான் ஸ்பேனரை எடுத்தேன்.