ஆளுயரக் கண்ணாடி

சைக்கிள் கேரியரில் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, பழைய ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏகாம்பரம் பெரிய ரோட்டில் ஏறினார். போன வாரம் ஒரு கார்க்காரன் உரசிவிட்டுப் போனதில் ஒரு கண்ணாடி நொறுங்கிவிட்டது. இன்னொன்று உடைந்தால் கடைப்பக்கமே வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். வழக்கமாக முகம் தெரிகிற பக்கத்தை உள்ளே வைத்துத்தான் கட்டுவார். இன்று வெளியே திருப்பியிருந்தார். கார்க்காரர்கள் யாரை மதிக்காவிட்டாலும் தங்கள் காரை மதிப்பார்கள். அதுவே எதிரே மோத வருவதைக் கண்டால் எவனும் பிரேக் போடுவான் என்பது அவர் யோசனை.

பாலத்து ஏற்றத்தில் பின்னால் ஒரு ஹாரன் விடாமல் அலறியது. பிறகு சட்டென்று நின்றது. ஓரம் ஒதுங்கினார், காரும் ஒதுங்கியது. மெல்ல மிதித்தார், காரும் மெல்ல வந்தது. திரும்பிப் பார்க்கலாமென்றால் கண்ணாடி மறைத்தது.

"யோவ், ஆட்டாம ஓட்டுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "விழாவுக்குத் தலைமை தாங்கப் போறேன். மீசை ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது."

"சார், கார்லயே கண்ணாடி இருக்குமே?"

"அதுல பாதி மூஞ்சிதான்யா தெரியுது."

காருக்குப் பின்னால் தேங்கிய இருபது வண்டிகளும் ஏகாம்பரத்தைத்தான் திட்டின. என்ஜின் சூடு அவர் கெண்டைக்காலில் பட்டது.

"அப்படியே போ," என்றது குரல், "இன்னும் கொஞ்சம் கிட்ட வரேன்."