ஒரே ஒரு கட்டளை

ஜெயதாஸ் தொடங்கிய புது மதத்தில் சேர அதியன்னூரிலிருந்து ஈஸ்வர் வந்திருந்தான்.

"உங்க மதத்துல மீன் தின்னலாமா அண்ணே? எங்க வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கப்பிடாது."

"தின்னு மக்கா. என்ன தின்ன, எங்க போற, யாருகூடப் போறன்னு யாரும் யாரையும் கேக்கப்பிடாது. எங்களுக்கு ஒரே கட்டளையாக்கும்."

"இதுக்கா ஒரு மதம்?"

"எங்க பழைய சபையில எம் பெண்டாட்டி புஷ்பபாயை இப்படிக் கேட்டுக் கேட்டே அழவச்சாவ. அவளுக்காகத்தான் தொடங்கினேன். முதல்ல சேந்ததும் அவதான்."

"மைனி எங்க, காணல்லியே?"

தான் போட்ட கட்டன்சாயாவை ஜெயதாஸ் அவனிடம் நீட்டினார்.

"நாலு மாசம் முன்னே பெட்டியோட படி இறங்கினா. 'எங்க போற'ன்னு கேக்க நாக்கு நுனி வரைக்கும் வந்துது. கட்டளையை எழுதினதே நான்தானே மக்கா."