எழுதியவர்: கனகசுந்தரம்

றம்லா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்க் கனகசுந்தரத்தின் மேசையில் ஓங்கி அடித்தாள்.

"உங்களுக்கு வெட்கமா இல்லையா அண்ணன்?"

2006ஆம் ஆண்டு. திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு கடையின் மாடி அறை. இரண்டு பழைய கணினிகள். சண்டையில் சிதறி ஓடியவர்களை முகாம் முகாமாகப் பதிந்து, பிரிந்துபோன உறவுகளைத் தேடிக் கொடுக்கும் ஒரு திறந்த மூல மென்பொருள். அதற்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதும் குழு அங்கேதான் கூடும்.

சம்பளம் ஒருவருக்கும் கிடையாது. எழுதிய பக்கத்தின் அடியில் பெயரும் ஊரும் வரும். அதுதான் குழுவின் வழக்கம், அதுதான் கூலி.

ஒரு காலத்தில் அந்தப் பக்கங்கள் குப்பை. ஒரே விசயம் நாலு இடத்தில் நாலு விதமாகக் கிடக்கும். றம்லாதான் உட்கார்ந்து ஒழுங்குபடுத்தினாள். முகாமில் இருந்த யோகமலரைப் பிடித்து எழுத வைத்ததும் அவள்தான். அறையைத் தேடித் தந்த மரியாதைக்குப் பக்கங்களைத் திருத்தும் கடவுச்சொல்லைக் கனகசுந்தரத்திடம் கொடுத்திருந்தார்கள். மனிதருக்குக் கணினி அரைகுறை.

அவர் செய்த வேலை இது. எல்லாப் பக்கத்தின் அடியிலும் இப்போது ஒரே பெயர்: கனகசுந்தரம், திருகோணமலை.

"என்ன தங்கச்சி, முதல்லை இருங்கோவன்."

"இருக்க வரல்ல. காணாமல் போனவரைப் பதிவது எப்படி எண்ட பக்கத்த ஆரு எழுதின?"

அவர் மேசையில் கலைந்த தாள்களை அடுக்கினார்.

"யோகமலர் எழுதின. ஈச்சிலம்பற்றில இருந்து உடுத்த உடுப்போட ஓடி வந்த பிள்ளை. வார வழியில தம்பியத் துலைச்ச பிள்ளை. 'முதலில் தண்ணீர் கொடுங்கள், பிறகு பெயரைக் கேளுங்கள்' எண்டு அவள்தான் எழுதின. நீங்க ஆருக்காவது தண்ணி குடுத்திருக்கிறீங்களா?"

"இல்லை."

அந்த நிதானம்தான் றம்லாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து தாயக் கூட்டிக்கொண்டு வந்தவள். நான் எழுதினத பாருங்கம்மா எண்டு காட்ட. பாத்தா உங்கட பெயர்! அவள் தலையக் குனிஞ்சுகொண்டு போனத நான் என்ர கண்ணால பாத்தன்."

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவவோடை நான் கதைக்கிறன். இதை இப்ப பெரிசாக்க வேண்டாம்."

"வேண்டாமா? வீடும் போய், வள்ளமும் போய், எல்லாத்தையும் விட்டுட்டு வந்து நிக்குதுகள். மிஞ்சின பெயரையும் நீங்க பறிக்கிறீங்க! என்னத்துக்கு? வெளிநாட்டுக்காரன் பாத்துட்டு விசா தருவான் எண்டா?"

"அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ."

வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அழிச்சா அழிஞ்சிடும் எண்டு நினைச்சீங்களா? பக்கத்தில என்னத்த மாத்தினாலும் பழையது அப்பிடியே இருக்கும். ஆரு எழுதின, ஆரு அழிச்ச, எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. பாருங்க!"

ஒரே ஒரு சொடுக்கு. பழைய பக்கம் விரிந்தது. அடியில் யோகமலர், ஈச்சிலம்பற்று.

கனகசுந்தரத்தின் முகம் வெளிறிப்போனது. கள்ளன் பிடிபட்டான் என்று றம்லாவுக்கு ஒரு திருப்தி.

"இது... உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?"

"ஏன் எனக்கு மட்டும்? உலகத்தில ஆரும் பாக்கலாம். நான் சத்தம் போட்டே சொல்லுவன். உங்கட கள்ளம் ஊருக்கே தெரியட்டும்!"

"சத்தம் போடாதை!"

முதல் தடவையாக அவர் கத்தினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளையும் போட்டார்.

"இதையும் அழிக்க வழி இருக்கோ? இருந்தா இப்பவே அழியுங்கோ தங்கச்சி."

"என்னத்துக்கு?"

"போன கிழமை ரெண்டு பேர் வந்தவங்கள், தாங்கள் ஆர் எண்டு சொல்லேல்லை. காணாமல் போன ஆக்களைப் பற்றி எழுதிறது ஆர், எந்த ஊர், இப்ப எந்த முகாமிலை எண்டு கேட்டவங்கள். நாளைக்குத் திரும்பி வருவாங்களாம்."

றம்லாவின் கை விசைப்பலகையிலேயே நின்றது.

"எல்லாத்தையும் நான் ஒருத்தன்தான் எழுதினனான் எண்டு சொல்லிப்போட்டன்."