புதன்கிழமை லுங்கி

“நாடு சுதந்திரம் வாங்கி அம்பது வருஷம் ஆச்சு. என் லுங்கிக்கு எப்பம் சுதந்திரம்?”

அருமைநாயகம் கேட்ட கேள்வியில் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கூட்டமே ஆடிப்போனது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

ஆரியசாலைக் கடைத்தெருவில் வாங்கிய லுங்கி. பச்சையும் சிவப்புமாகக் கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு குடும்பம் குடியிருக்கலாம். புதன்கிழமை காலை பத்து மணியானால் அது முன்மதிலில் ஏறிவிடும். சங்குமுகத்தில் இறங்க வரும் விமானம் அதைப் பார்த்து ஒரு நொடி தயங்கும் என்று தெருவில் பேச்சு.

இனிமேல் தெருவைப் பார்த்த மதிலில் யாரும் துணி காயப்போடக் கூடாது என்பது தீர்மானம். செயலாளர் அழகியநம்பியே டைப் அடித்து, அவரே வாசித்தார். வாசிக்கும்போது ஏனோ அருமைநாயகம் இருந்த பக்கமே திரும்பவில்லை.

“பின்னால கொடி இருக்குல்லா?”

பெண்கள் வரிசையிலிருந்து கேட்டது அருமைநாயகத்தின் மனைவி சுசீலாபாய். புதன்தோறும் ஒன்பதரைக்குச் சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் திரும்புவாள். மதிலில் லுங்கி ஏறுகிற சங்கதியே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

பின்னால் வெயில் இல்லை என்றார் அருமைநாயகம். உண்மையில் பின்பக்கத்து வெயில் எருமையைக்கூட வடகமாக்கிவிடும்.

தலைவர் ஓமனா டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “வெயில் எந்தினு சாரே? அதில் நின்னு ஒரு துள்ளி வெள்ளம் வீழுன்னது ஞான் கண்டிட்டில்ல!”

அதாவது, அதற்கு வெயில் எதற்கு? அந்த லுங்கியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுந்து அவர் பார்த்ததில்லை.

மூன்று வீட்டார் மறுத்தால் தீர்மானம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். குற்றவாளிக்கு ஓட்டு கிடையாது. மறுப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் டீச்சர்.

அருமைநாயகம் வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்தார். ஒரு கையும் எழவில்லை. இன்றோடு போச்சு லுங்கி.

முதல் கை சிவதாணுவுடையது. கஞ்சி போட்ட வேட்டியோடே பிறந்தவர். லுங்கியைத் தொட்டால் கை கழுவுகிறவர். இரண்டாவது, சபை மூப்பர் திரவியம் சார். லுங்கி கட்டியவனுக்குப் பரலோகத்தில் இடமில்லை என்பது அவருடைய தனிக்கட்சி. மூன்றாவது கை பேனாவோடு மெல்ல எழுந்தது.

தீர்மானத்தை டைப் அடித்த அழகியநம்பி.

லுங்கி பிழைத்தது. அருமைநாயகம் தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி வீடு வந்து சேர்ந்தார். சுசீலாபாய் வழியெல்லாம் விரலை மடக்கிக்கொண்டு வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு புருஷனை ஒரு பார்வை பார்த்து, நான்கு.

அடுத்த புதன்கிழமை அவளுக்குத் தலைவலி. கூட்டத்துக்குப் போகவில்லை.

அருமைநாயகம் குளிக்கப் போன நேரம் பார்த்து, சரியாகப் பத்து மணிக்கு, மதிலில் லுங்கியை அவளே உதறி விரித்தாள்.

ஐந்தே நிமிடம். கேட் திறந்தது. சிவதாணு, திரவியம் சார், அழகியநம்பி. கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி சிரித்துக்கொண்டு வந்தவர்கள், கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள்.

போன மாதம் பெருக்கும்போது சோபாவுக்கு அடியில் கிடைத்த ஸ்பேட் ஜாக்கிச் சீட்டைச் சபைப் பாமாலைப் புத்தகத்துக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள் சுசீலாபாய்.

“வாங்க, வாங்க. இது இல்லாம நாலு பேரும் எப்படி ஆடுதீங்க?”