மென்பொருள் ஏற்காத தீர்ப்பு

சிலுவையம்மாளின் மகன் விசாரணையே இல்லாமல் நான்கு வருஷமாகச் சிறையில் கிடந்தான். அப்படி யாரையும் அடைத்துவைக்கக் கூடாது என்று சொன்ன பழைய தீர்ப்பொன்று வழக்கறிஞர் எஸ்தரிடம் அச்சுப் பிரதியாக இருந்தது. ஆனால் மேற்கோள் காட்டும் தீர்ப்புகளைச் சரிபார்க்கும் நீதிமன்ற மென்பொருள், அந்த வழக்கின் பெயரை எந்த வடிவத்தில் அடித்துக் கொடுத்தாலும், "இப்படியொரு வழக்கு இல்லை" என்றே சொன்னது. அது ஏற்காததை நீதிமன்றமும் ஏற்காது.

மகனை விடுவிக்கக் கோரிய மனு விசாரணைக்கு வந்த அன்று, எஸ்தர் துணிந்து பிரதியை நீதிபதி தணிகாசலத்திடம் நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்தது.

"இதை வாதாடி ஜெயிச்சவனே நான்தாம்மா. அப்போ எனக்கு இருபத்தெட்டு வயசு."

சிலுவையம்மாள் கைகூப்பி எழுந்தாள். எஸ்தருக்குப் போன உயிர் திரும்பியது.

"அப்படின்னா இதை எடுத்துக்கலாமே, அய்யா?"

நீதிபதி மேசைமேல் இருந்த கணினித் திரையைப் பார்த்தார். அதிலும் "இப்படியொரு வழக்கு இல்லை" என்றே இருந்தது.

"என் ஞாபகம் மேற்கோள் ஆகாதேம்மா."

பிறகு தலை நிமிராமலே உத்தரவைச் சொன்னார்: "அப்படியொரு வழக்கு இல்லாததால் மனு தள்ளுபடி."

வராந்தாவில் சிலுவையம்மாள் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நடந்துச்சுன்னு அவரே சொன்னாரே தாயி. பிறகு இல்லைன்னு ஏன் எழுதினாரு?"

எஸ்தர் அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு நீதிபதியின் அறைக்கே போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.