அடைப்புக்குறிக்குள் மூன்று

“மறுபடியும் எனக்குப் பதினஞ்சு ரூமா?” நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடுதியின் சலவை அறையில், கரும்பலகைக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தோடு நின்றாள் பெரியக்கா. அறைகளைச் சுத்தம் செய்யும் மூன்று பெண்களுக்கும் தினமும் வேலையைப் பிரித்துக் கொடுப்பவள் அவள்தான்.

“நானா பிரிக்கிறேன்? கணக்கு பிரிக்குது. மொத்தம் நாற்பத்திரண்டு ரூம். உனக்கு எக்ஸ். அவங்க ரெண்டு பேருக்கும் உன்னைவிட மும்மூணு குறைச்சல்.”

அந்த இருவரில் ஒருத்தி முழங்கால் வலிக்காரி. இன்னொருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. அவர்களுக்குக் குறைப்பதில் நெட்டைக்கு வருத்தமில்லை. ஆனால், மூன்று மணிக்குள் காப்பகத்திலிருந்து மகளை அழைத்துக்கொள்ள வேண்டுமே! பதினைந்து அறையை முடித்துவிட்டு ஓடினால், தினமும் தாமதம். ‘இன்னொரு நாள் லேட்டா வந்தா, வேற இடம் பார்த்துக்கோ’ என்று காப்பகக்காரி நேற்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

நெட்டை பலகையை முறைத்தாள்.

எக்ஸ் + 2(எக்ஸ் − 3) = 42
3 எக்ஸ் − 3 = 42

“அடக் கடவுளே! அக்கா, வெளியே நிக்கிற ரெண்டு, அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற மூணையும் பெருக்கணும். எட்டாம் வகுப்புக் கணக்கு இது! இந்தத் தப்பை வெச்சுக்கிட்டா ரெண்டு மாசமா என் உயிரை வாங்கினீங்க?”

“மெதுவாப் பேசு. இன்னிக்கு விட்டுடேன்.”

“ஏன் விடணும்? சார்! மேனேஜர் சார்! கொஞ்சம் இங்க வந்து இந்தக் கூத்தைப் பாருங்க!”

மேனேஜர் வந்தார். நெட்டை சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மூணு இல்ல சார், ஆறு. 3 எக்ஸ் கழித்தல் ஆறு. ஆறு அந்தப் பக்கம் போனா கூட்டல். நாற்பத்தெட்டு. மூணால வகுத்தா...”

கை அப்படியே நின்றது.

“பதினாறு,” என்று மேனேஜரே முடித்தார். “சபாஷ். இனிமே இப்படியே நடக்கட்டும்.” போய்விட்டார்.

முழங்கால் வலிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். “பன்னிரண்டா இருந்தது எனக்குப் பதிமூணு ஆயிடுச்சு. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?”

“எங்கேயோ இடிக்குது,” என்று நெட்டை விடவில்லை. “விடையைப் போட்டுச் சரிபார்க்கிறேன். பதினாறு, பதிமூணு, பதிமூணு... நாற்பத்திரண்டு. சரியாத்தான் வருது. இதுவரைக்கும் செஞ்சது... பதினஞ்சு, பன்னிரண்டு, பன்னிரண்டு...”

விரல் விட்டுக் கூட்டினாள். முப்பத்தொன்பது. மறுபடியும் கூட்டினாள். அதேதான்.

“மூணு ரூம் இடிக்குதே! தங்கினவங்க யாரும் ஒரு குறைகூடச் சொல்லலையே. தினமும் அந்த மூணை யார்க்கா சுத்தம் பண்ணினது?”

“நேத்து வரைக்கும் நான்தான்,” என்ற பெரியக்கா, பதினாறாவது சாவியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.