இரண்டு டிஸ்க் திட்டம்

கணவர் ஆர்லன் இறந்த பிறகு, தபாலில் சினிமா டிஸ்க்குகளை வாடகைக்கு அனுப்பும் பழைய கம்பெனியை மார்லிஸ் நிறுத்திவிட்டாள். மகள் கிரெட்சன் போனில் வேறொரு கம்பெனியைச் சொன்னாள்.

"ஒரு நேரத்துக்கு ஒரு டிஸ்க் போதும்மா. தனி ஆளுக்கு ரெண்டு எதுக்கு?"

புதிய கம்பெனியிலிருந்து வந்த முதல் டிஸ்க்கின் ஓரத்தில், வேர்க்கடலை வெண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை இருந்தது. குறுக்கே ஒரு தழும்பு. ஆர்லன் அந்த வெண்ணெய் தடவிய ரொட்டி தின்ற கையோடுதான் டிஸ்க்கைத் தொடுவார். அவர் கட்டைவிரலை ஒருமுறை தூண்டில் முள் கிழித்திருந்தது. மார்லிஸ் துடைத்துவிட்டுப் படம் பார்த்தாள், திருப்பி அனுப்பினாள். அடுத்ததிலும் அதே ரேகை.

"எவனோ கை கழுவாம தொட்டிருக்கான். கம்பெனியை மாத்தும்மா," என்றாள் கிரெட்சன் போனில்.

"பாக்குறேன்டி."

மார்லிஸ் கம்பெனியை மாற்றவில்லை. இரண்டு டிஸ்க் திட்டத்துக்கு மாறினாள்.

மறுவாரம் வாசல் தபால்பெட்டியில் இரண்டு உறைகள் கிடந்தன. ஒன்று கிழிந்து காலியாக இருந்தது. பூட்டியிருந்த வீட்டுக்குள் டிவி ஓடும் சத்தம் கேட்டது.